தபால் ஓட்டின் கெடுவும் நூலிழை வெற்றியும்: அமெரிக்கத் தேர்தல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் தேர்தல் முடிந்து இரண்டு மூன்று நாளாகியும் முடிவு இழுபறியாக இருந்தால், "தாமதமாக வந்த தபால் ஓட்டுகள்தான் எல்லாவற்றையும் மாற்றுகின்றன" என்று ஒரு பேச்சு கிளம்பிவிடும். சில தேர்தல்களில் அது உண்மை. பெரும்பாலான தேர்தல்களில் இல்லை. எது எப்போது உண்மை என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கேள்வி பதில்கள்.

தபால் ஓட்டுக்குக் கெடு என்றால் எந்தக் கெடு?

ஒன்றல்ல, நான்கு. வாக்குச்சீட்டு கேட்டு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஒன்று. நிரப்பிய சீட்டு தேர்தல் அலுவலகம் வந்து சேரக் கடைசி நேரம் ஒன்று. கையெழுத்துப் பொருந்தவில்லை, உறையில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்றால் வாக்காளர் அதைச் சரிசெய்யக் கடைசி நாள் ஒன்று. கடைசியாக, முடிவை அதிகாரிகள் சான்றளித்து மூடும் நாள்.

செய்தியில் அடிபடுவது இரண்டாவது மட்டும்தான். ஆனால் முதல் கெடுவும் சத்தமில்லாமல் வேலை செய்கிறது. ஜார்ஜியா 2021-இல் கொண்டுவந்த சட்டப்படி, விண்ணப்பம் தேர்தலுக்கு 11 நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதைத் தவறவிட்டவர் தாமதமான ஓட்டுகளின் எண்ணிக்கையில் வரவே மாட்டார், ஏனென்றால் அவர் கையில் சீட்டே இல்லை.

மாநிலத்துக்கு மாநிலம் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

தேர்தல் நடத்தும் முறையை வகுக்கும் பொறுப்பை அரசியல் சாசனம் மாநிலங்களிடம் விட்டிருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நினைத்தால் குறுக்கிடலாம். அப்படிக் குறுக்கிட்ட பழைய சட்டம் 1845-இல் வந்தது. நவம்பர் முதல் திங்களுக்கு அடுத்து வரும் செவ்வாய்தான் தேர்தல் நாள் என்று அது முடிவுசெய்தது. அந்த நாளுக்குள் ஓட்டு போட்டிருந்தால் போதுமா, அதற்குள் வந்தே சேர வேண்டுமா என்பதை மாநிலங்கள் ஆளுக்கொரு விதமாக வைத்துக்கொண்டன.

2024 தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசோனா, பென்சில்வேனியா, விஸ்கான்சின், ஜார்ஜியா எல்லாம் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்குள் உறை கையில் இருக்க வேண்டும் என்றன. கலிபோர்னியா உறையில் தேர்தல் நாள் அஞ்சல் முத்திரை இருந்தால் மேலும் 7 நாள் காத்திருந்தது, இல்லினாய் 14 நாள். டெக்சாஸ் மறுநாள் மாலை 5 மணியோடு கதவைச் சாத்தியது. வட கரோலினாவில் முன்பு 3 நாள் சலுகை இருந்தது, 2023-இல் எடுத்துவிட்டார்கள். கான்சாஸும் ஒஹையோவும் 2025-இல் அதே வழியில் போயின.

ராணுவத்தினருக்கும் வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கும் பல மாநிலங்களில் தனிச் சலுகை உண்டு. 2009-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று, இவர்களுக்குத் தேர்தலுக்கு 45 நாள் முன்பே சீட்டு அனுப்பியாக வேண்டும் என்கிறது.

வித்தியாசம் பெரிதாக இருந்தால் தபால் ஓட்டுகளை எண்ணவே மாட்டார்களாமே?

தவறு. கெடுவுக்குள் ஒழுங்காக வந்த ஓட்டு எல்லாம் எண்ணப்படும். யார் வென்றார் என்று தொலைக்காட்சி முன்கூட்டியே சொல்லிவிடுவதால், மீதி ஓட்டுகள் குப்பைக்குப் போவதாக ஒரு நினைப்பு பரவிவிட்டது.

எத்தனை ஓட்டு தாமதமானால் முடிவு மாறும்?

இதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும், கஷ்டமான கணக்கில்லை. தாமதமான ஓட்டு 1,000 என்று வையுங்கள். அவை 60-க்கு 40 என்று பிரிந்தால் ஒருவருக்கு 600, மற்றவருக்கு 400. நிகர லாபம் 200தான். ஆக, 1,000 ஓட்டு வித்தியாசம் உள்ள தேர்தலை இதே விகிதத்தில் புரட்டிப் போட 5,000-க்கு மேல் தாமதமான ஓட்டு வேண்டும். 52-க்கு 48 என்று பிரிந்தால் 25,000 தாண்ட வேண்டும்.

இந்தக் கணக்கைப் போடாமல்தான் பாதிப் பேர் சண்டை போடுகிறார்கள். வர்ஜீனியாவில் 2017 சட்டமன்றத் தேர்தலில், ஸ்டாஃபர்ட் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு) 55 தபால் ஓட்டுகள் தேர்தலுக்கு மறுநாள் காலை அலுவலகத்துக்கு வந்தன. ஒரே ராத்திரி தாமதம். அவற்றை எண்ணவில்லை. அந்தத் தொகுதியில் வித்தியாசம் 82 ஓட்டு, மறு எண்ணிக்கைக்குப் பிறகு 73. சட்டமன்றத்தில் யாருக்குப் பெரும்பான்மை என்பதே ஓரிரு தொகுதிகளில் தொங்கிக்கொண்டிருந்ததால் ஊரே கொதித்தது. ஆனால் 55-உம் ஒரே வேட்பாளருக்கு விழுந்திருந்தாலும் 73-ஐ எட்டியிருக்காது. அந்த 55 பேரின் ஓட்டு வீணானது அநியாயம்தான். முடிவு மாறியது என்பது வேறு பேச்சு.

பென்சில்வேனியா 2020-உம் அப்படித்தான். மாநில உச்ச நீதிமன்றம் 3 நாள் கூடுதல் அவகாசம் கொடுத்தது. அது செல்லுமா என்று நாடு முழுக்க வழக்கும் வாதமும் நடந்தன. அந்த அவகாசத்தில் வந்தவை சுமார் 10,000. அவற்றைத் தனியே எடுத்துவைத்துவிட்டு மற்றவற்றை எண்ணியதிலேயே ஜோ பைடன் சுமார் 80,000 ஓட்டில் முன்னால் இருந்தார்.

அப்படியானால் கெடு நிஜமாகவே முடிவைத் தொட்ட தேர்தல் ஏதாவது உண்டா?

உண்டு. ஃபுளோரிடா, 2000. ஜார்ஜ் புஷ், அல் கோர் இருவரில் யார் அதிபர் என்பது அந்த ஒரு மாநிலத்தில் வந்து நின்றது. கிட்டத்தட்ட 60 லட்சம் ஓட்டு பதிவானதில் கடைசியில் சான்றளிக்கப்பட்ட வித்தியாசம் 537. துளைபோட்ட சீட்டுகள், மியாமி, பாம் பீச் என்று எல்லாரும் அதையே பேசினார்கள். தபால் ஓட்டின் பங்கு அவ்வளவாகப் பேசப்படவில்லை.

ஃபுளோரிடாவின் சட்டம், தபால் ஓட்டு தேர்தல் நாள் இரவு 7 மணிக்குள் வர வேண்டும் என்றது. ஆனால் 1980-களில் கூட்டாட்சி அரசு போட்ட ஒரு வழக்கின் விளைவாக, வெளிநாட்டிலிருந்து வரும் ஓட்டுகளுக்கு மட்டும் 10 நாள் அவகாசம் இருந்தது. 2000-இல் அந்த அவகாசம் நவம்பர் 17-ஆம் தேதி முடிந்தது. அதற்கு மூன்று நாள் முன்பு, கவுண்டிகள் கொடுத்த கணக்குப்படி புஷ்ஷின் முன்னிலை 300 ஓட்டு. வெளிநாட்டுத் தபால்களை எண்ணி முடித்ததும் அது 930 ஆனது. பிறகு நடந்த மறு எண்ணிக்கைகள் அதை 537-க்குக் கொண்டுவந்தன. 630 ஓட்டு நிகர லாபம் தந்த உறைகளையும், கடைசியில் நின்ற 537-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த இடத்தில் கெடுவுக்குக் கனம் உண்டு என்பதை யாரும் மறுக்க முடியாது.

அதைவிடச் சுவாரசியம், அந்த உறைகளை ஏற்பதா தள்ளுவதா என்று நடந்த இழுபறி. போர்க்கப்பலிலிருந்து வரும் தபாலில் பல நேரம் முத்திரையே இருக்காது. சட்டமோ முத்திரை அல்லது தேதி வேண்டும் என்கிறது. ஜனநாயகக் கட்சி வழக்கறிஞர் ஒருவர் இப்படிப்பட்ட உறைகளை எப்படி ஆட்சேபிப்பது என்று தன் ஆட்களுக்குக் குறிப்பு எழுதினார். அது வெளியே கசிந்து, "சிப்பாய்களின் ஓட்டைப் பறிக்கிறார்கள்" என்று குடியரசுக் கட்சி பிடித்துக்கொண்டது. கோரின் துணை அதிபர் வேட்பாளர் ஜோ லீபர்மனே தொலைக்காட்சியில் வந்து, ராணுவத்தினருக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுக்கலாம் என்று சொல்லும்படி ஆனது. அதன் பிறகு பல கவுண்டிகள் தள்ளிய உறைகளைத் திரும்ப எடுத்தன.

2001 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் ஒரு நீண்ட ஆய்வை வெளியிட்டது. தேர்தல் நாளுக்குப் பிறகு ஏற்கப்பட்ட 2,490 வெளிநாட்டு ஓட்டுகளில் 680-இல் ஏதோ ஒரு சட்டக் குறை இருந்தது என்றது. அவை யாருக்கு விழுந்தவை? தெரிந்துகொள்ள வழியே இல்லை.

ஏன் வழியில்லை?

உறைதான் காரணம். வெளி உறையில் வாக்காளரின் பெயர், கையெழுத்து, தேதி இருக்கும். உள்ளே இருக்கும் சீட்டில் எதுவும் இருக்காது, ரகசிய வாக்கு என்பதால். ஏற்றுக்கொண்டு உறையைப் பிரித்து, சீட்டை மற்ற சீட்டுகளோடு சேர்த்துவிட்டால், "அதைத் திரும்பக் கொடு" என்று யாராலும் கேட்க முடியாது. அதனால்தான் சண்டை எல்லாம் உறை மூடியிருக்கும்போதே நடக்கிறது. பென்சில்வேனியாவில் தாமதமாக வந்தவற்றைத் தனியே வை என்று 2020 நவம்பர் 6-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி சாமுவேல் அலிட்டோ உத்தரவிட்டதும் இதற்காகத்தான்.

இரவில் முன்னிலை, இரண்டு நாள் கழித்துத் தோல்வி. இது தாமதமான ஓட்டின் வேலைதானே?

அதிகம் குழப்பப்படுவது இதுதான். தாமதமாக வருவது வேறு, தாமதமாக எண்ணுவது வேறு.

அரிசோனாவில் 2018 செனட் தேர்தல். அன்றிரவு மார்த்தா மெக்சாலி சுமார் 15,000 ஓட்டு முன்னிலையில் இருந்தார். அடுத்த சில நாட்களில் நிலைமை தலைகீழாகி, கிர்ஸ்டன் சினிமா சுமார் 56,000 ஓட்டில் ஜெயித்தார். ஆனால் அரிசோனாவில் தேர்தல் நாள் இரவு 7 மணிக்குப் பிறகு வரும் ஓட்டு செல்லவே செல்லாது. எண்ணப்பட்ட ஒவ்வொரு சீட்டும் கெடுவுக்குள் அலுவலகத்தில் இருந்ததுதான். கடைசி நாளில் மக்கள் கொண்டுவந்து போட்ட உறைகளின் கையெழுத்தை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். அதற்கு நாட்கள் பிடிக்கும்.

பென்சில்வேனியாவிலும் விஸ்கான்சினிலும் இன்னொரு சிக்கல். தபால் உறைகளைத் தேர்தல் நாள் காலை வரை பிரிக்கவே அங்கே சட்டம் விடுவதில்லை. முன்கூட்டியே வந்த உறையும் கடைசியில்தான் எண்ணப்படும். கெடுவை எவ்வளவு இறுக்கினாலும் இந்தத் தாமதம் குறையாது. இந்த ஒன்றை மட்டும் எல்லாரும் புரிந்துகொண்டால் பாதி வதந்தி அடங்கிவிடும் என்று எனக்குத் தோன்றும்.

அஞ்சல் முத்திரையை நம்பலாமா?

ஓரளவுக்கு. விஸ்கான்சினில் 2020 ஏப்ரல் தேர்தல், கொரோனா உச்சத்தில் இருந்த நேரம். கேட்ட சீட்டே பலருக்குத் தேர்தல் நாள் வரை வரவில்லை. கீழ் நீதிமன்றம் ஏப்ரல் 13 வரை அவகாசம் கொடுத்தது. தேர்தலுக்கு முதல் நாள் மாலை, உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், "13 வரை வரலாம், ஆனால் முத்திரை 7-ஆம் தேதிக்குள் இருக்க வேண்டும்" என்றது. அப்புறம் உறைகள் வரத் தொடங்கின. சிலவற்றில் முத்திரை இல்லை. சிலவற்றில் தேதி படிக்க முடியவில்லை. எதை ஏற்பது என்று எழுத்தர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். அந்த ஆறு நாள் அவகாசத்தில் வந்து எண்ணப்பட்ட ஓட்டுகள் 79,000-க்கும் மேல்.

இப்போது இன்னொரு சங்கதி சேர்ந்திருக்கிறது. முத்திரையில் உள்ள தேதி, தபால் தங்கள் கைக்கு வந்த நாளாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது என அமெரிக்க அஞ்சல் துறை தன் விதிப்புத்தகத்திலேயே 2025 டிசம்பர் முதல் எழுதிவிட்டது. முத்திரை பெரும்பாலும் பெரிய பிரிப்பு மையங்களில் இயந்திரம் குத்துவது. கடிதம் அங்கே போய்ச் சேர ஒரு நாள் ஆனால், முத்திரையும் ஒரு நாள் பிந்தும். தேர்தல் நாள் மாலை தெருமுனைப் பெட்டியில் போட்ட உறைக்கு மறுநாள் தேதி விழுந்தால், "7 நாள் அவகாசம்" இருந்தும் பிரயோஜனமில்லை.

அவகாசம் கொடுத்தால் எந்தக் கட்சிக்கு லாபம்?

நிரந்தரமாக யாருக்கும் இல்லை. 2000-இல் ஃபுளோரிடாவின் 10 நாள் அவகாசம் குடியரசுக் கட்சிக்கு உதவியது. 2020-இல் ஜனநாயகக் கட்சியினர் தபாலை அதிகம் பயன்படுத்தியதால், கெடுவை இறுக்கினால் அவர்களுக்கு அடி விழும் நிலை. அதே ராணுவத் தபால் சலுகைக்காக ஒரு காலத்தில் குரல் கொடுத்த கட்சி பின்னாளில் அவகாசத்தை எதிர்ப்பதும், எதிர்த்தது ஆதரிப்பதும் சகஜமாகிவிட்டது. கெடுவைத் தவறவிடுபவர்களில் இளையவர்களும் முதன்முறை தபாலில் ஓட்டு போடுபவர்களும் அதிகம் என்பது மட்டும் திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கெடு மாறினால் மக்களும் மாறுவார்கள். 2020 நவம்பர் தேர்தலுக்கு விஸ்கான்சினில் கூடுதல் அவகாசம் தர உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஏப்ரலில் பார்த்த 79,000 அப்படியே வீணாகும் என்று பலர் பயந்தார்கள். ஆனால் "சீக்கிரம் அனுப்புங்கள்" என்று வாரக்கணக்கில் பிரசாரம் நடந்தது, மக்களும் சீக்கிரம் அனுப்பினார்கள். ஏப்ரலோடு ஒப்பிட்டால் தாமதமானவை மிகச் சொற்பம். ஆகவே, அவகாசத்தில் வந்த ஓட்டுகளைக் காட்டி "அவகாசம் இல்லாவிட்டால் இத்தனை பேர் ஓட்டிழப்பார்கள்" என்று சொல்வது சரியான கணக்கல்ல. கடுமையான கெடு கூடப் பரவாயில்லை, தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு மாறும் கெடுதான் ஆளைக் கவிழ்க்கிறது என்பது என் எண்ணம்.

தாமதமாக வந்ததால் தள்ளப்படும் ஓட்டுகள் எவ்வளவு?

2020-இல் நாடு முழுக்கத் திரும்பி வந்த தபால் ஓட்டுகளில் சுமார் 0.8 சதவீதம், ஐந்தரை லட்சத்துக்குச் சற்று மேல், ஏதோ காரணத்தால் தள்ளப்பட்டன. தாமதம் அதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். கையெழுத்துப் பொருந்தாததே பெரிய காரணம்.

அப்படியானால் நூலிழைத் தேர்தலில் முக்கியமானது திருத்தும் கெடுவா?

கெடுவைவிட, தள்ளிய உறைகளைத் திரும்பப் பார்ப்பதுதான் பல முறை முடிவைத் தொட்டிருக்கிறது. மினசோட்டா 2008 செனட் தேர்தலில் 29 லட்சம் ஓட்டு. முதல் எண்ணிக்கையில் நார்ம் கோல்மன் 215 ஓட்டு முன்னிலை. மறு எண்ணிக்கையில் அல் ஃபிராங்கன் 49 ஓட்டில் முன்னேறினார். தள்ளப்பட்டுக் கிடந்த தபால் ஓட்டுகள் சுமார் 12,000. அவற்றில் அதிகாரிகள் தவறுதலாகத் தள்ளியவை என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்ட 933 உறைகளை 2009 ஜனவரி 3 அன்று பிரித்தார்கள். முன்னிலை 225 ஆனது. வழக்கு தொடர்ந்தது, ஏப்ரலில் மேலும் 351 உறைகள், முன்னிலை 312. ஃபிராங்கன் பதவியேற்றபோது ஜூலை வந்துவிட்டது. ஜனவரியிலிருந்து ஆறு மாதம் அந்த மாநிலத்துக்கு ஒரே ஒரு செனட்டர்தான்.

வாஷிங்டன் மாநில ஆளுநர் தேர்தல் 2004 இன்னும் நெருக்கம். டீனோ ராஸி முதலில் 261 ஓட்டு முன்னிலை, இயந்திர மறு எண்ணிக்கையில் 42. கையால் எண்ணும்போது, கிங் கவுண்டியில் நூற்றுக்கணக்கான தபால் ஓட்டுகள் தவறாகத் தள்ளப்பட்டது தெரியவந்தது. கணினியில் வாக்காளரின் கையெழுத்துப் படம் ஏறாததால், ஒப்பிட ஒன்றுமில்லை என்று ஒதுக்கியிருக்கிறார்கள். கடைசியில் கிறிஸ்டின் கிரெகோயர் 129 ஓட்டில் வென்றார்.

பென்சில்வேனியாவின் லீஹை கவுண்டியில் 2021 நீதிபதி தேர்தல் ஒன்றில், வித்தியாசம் 71. கெடுவுக்குள் வந்தும், உறையில் கையால் தேதி எழுத மறந்த 257 ஓட்டுகள் ஒதுங்கிக் கிடந்தன. கூட்டாட்சி நீதிமன்றம் எண்ணச் சொன்னது. எண்ணினார்கள். பின்தங்கியிருந்தவர் 5 ஓட்டில் ஜெயித்துவிட்டார்.

தாமதமாக வந்த உறையை என்ன செய்வார்கள்?

வந்த தேதியைக் குறித்து, பிரிக்காமல் வைப்பார்கள். கூட்டாட்சித் தேர்தல் ஆவணங்களை 22 மாதம் பாதுகாக்க வேண்டும் என்பது சட்டம்.

தேர்தல் நாளுக்குப் பிறகு வரும் ஓட்டு செல்லாது என்று நாடு முழுக்கவே ஆகிவிடுமா?

அதற்கான வழக்கு மிசிசிப்பியிலிருந்து கிளம்பியது. அங்கே 5 வேலை நாள் அவகாசம். 1845 சட்டம் சொல்லும் தேர்தல் நாளுக்குள் ஓட்டு வந்துவிட வேண்டும், மாநிலம் அதை நீட்டிக்க முடியாது என்று குடியரசுக் கட்சி வாதாடியது. 2024 அக்டோபரில் அந்தப் பகுதிக்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் (ஐந்தாவது வட்டம்) அதை ஏற்றது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுத்தது. மற்றத் தரப்பின் வாதம்: அந்தச் சட்டம் வாக்காளர் தேர்ந்தெடுக்கும் நாளைத்தான் சொல்கிறது, உறை வந்து சேரும் நாளை அல்ல.

நான் அங்கே வாக்காளர். என்ன செய்தால் என் ஓட்டு தப்பும்?

சீட்டு கைக்கு வந்த வாரமே நிரப்பி அனுப்புங்கள். தேர்தலுக்கு ஒரு வாரம்கூட இல்லை என்றால் தபாலை நம்ப வேண்டாம். கவுண்டி அலுவலகத்திலோ, உங்கள் மாநிலத்தில் இருந்தால் அதிகாரபூர்வப் பெட்டியிலோ நேரில் போடுங்கள். தபாலில்தான் போட வேண்டும் என்றால் அஞ்சலகக் கவுண்டரில் கொடுத்து, கண்ணெதிரே கையால் முத்திரை குத்தச் சொல்லுங்கள், கேட்டால் செய்வார்கள். உறையில் தேதி, கையெழுத்து, சாட்சி என்று என்னென்ன கேட்கிறதோ எல்லாவற்றையும் பாருங்கள். கையெழுத்து பழைய ஓட்டுநர் உரிமத்தில் உள்ளது போல இருக்கட்டும். தொலைபேசி எண் கேட்டால் எழுதுங்கள், ஏதாவது குறை என்றால் அதில்தான் கூப்பிடுவார்கள்.

பெரும்பாலான மாநிலங்களில் உறை எங்கே இருக்கிறது என்று இணையத்தில் பார்க்கலாம். "ஏற்கப்பட்டது" என்று வரும் வரை பாருங்கள். வெளிநாட்டில் இருந்து, சீட்டு இன்னும் வந்து சேரவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். கூட்டாட்சி அவசர வாக்குச்சீட்டு என்று ஒன்று இருக்கிறது. அதைத் தரவிறக்கி, வேட்பாளர் பெயரைக் கையால் எழுதி அனுப்பிவிடுங்கள். அசல் சீட்டு பிறகு வந்தால் அதையும் நிரப்பி அனுப்பலாம். அது கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தால் அதை மட்டும் எண்ணுவார்கள்.